ஆளுக்கு ஒரு மைக்

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வை என்று எனக்குச் சொல்லித் தராத ஆள் எங்கள் மலையில் இல்லை. கோயில் தலைவர் சொல்வார், பள்ளிக்கூட அதிபர் சொல்வார், கல்யாண வீட்டில் சாம்பார் வாளி தூக்குகிறவரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். "புள்ள, இவ்வளவு தூரத்துல வச்சா எப்படிக் கேக்கும்?" ஒரு காலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஹெட்போனைக் கழற்றி அவர்கள் தலையில் மாட்டிவிட்டு, என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

ஹட்டனில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பேன், கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவேன். சங்கீதத்தை ஒலிப்பதிவு செய்வது நானாகப் பிடித்துக்கொண்ட பைத்தியம். வீடியோ வெட்டும்போது படம் பளிச்சென்று இருக்கும். நாதஸ்வரம் மட்டும் தகர டப்பாவை ஆணியால் கீறுவது போல வரும். ஏன் என்று யோசிக்கப் போய்த்தான் இதில் விழுந்தேன். வீடியோக்காரர்கள் மைக்கை நாதஸ்வரத்தின் அகன்ற வாய்க்கு நேரே நீட்டிவிடுகிறார்கள். சத்தம் அங்கிருந்து மட்டுமா வருகிறது? விரல் திறக்கிற ஒவ்வொரு துளையிலிருந்தும் வருகிறது. ஒரு கல்யாணத்தில் துணிந்து நாலு அடி தள்ளி, விரல்களைப் பார்த்தபடி மைக்கை வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பட்டுச்சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். நாதஸ்வரக்காரர் மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்து, இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கொழும்பில் ஒருவர் பாவித்து விற்ற மைக் ஜோடி ஒன்றை வாங்கினேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று போல, ஒரு சாண் நீளம், சுருட்டுப் பருமன். கோயில் மைக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோயில் மைக், வாயைக் கிட்ட வைத்தவன் பேச்சை மட்டும் கேட்கும். அது கூட்டத்துக்காகச் செய்தது. என் மைக்குகள் எல்லாவற்றையும் கேட்கும். பாடகி மூச்சு இழுப்பது, வயலின் வில் நரம்பில் இறங்குவது, கூரைத் தகரம் வெயிலில் சடசடப்பது, நான் எச்சில் விழுங்குவது. அதனால் இவற்றை எங்கே வைப்பது என்பதுதான் முழு வேலையும். அதற்கு நான் வைத்திருக்கும் கருவி என் காது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, பாடுகிறவர்களைச் சுற்றி மெதுவாக நடப்பேன். எந்த இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கிறதோ, அங்கே நின்றுவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு இவளுக்குக் காதுவலி என்று தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும்.

என் சிநேகிதி ஒருத்தி வட்டகொடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். நாங்கள் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தவர்கள். கர்நாடக சங்கீதத்தைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்துவிட்டு வந்து, காலையில் பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக்கொடுக்கிறாள். பின்னேரம் தனியாக உட்கார்ந்து பாடுகிறாள். அவள் பாட்டைப் பற்றி நான் என்ன சொன்னாலும் சிநேகிதிக்காகச் சொன்னது போல இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் பாடும்போது நான் மைக்கைப் பற்றி நினைப்பதை மறந்துவிடுவேன். அப்படி வேறு யார் பாட்டுக்கும் மறந்ததில்லை.

கொழும்பில் ஒரு சபை வருடா வருடம் இசைவிழா நடத்துகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஒரு கச்சேரி ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது. போன வருடம் அவள் ஃபோனில் பதிந்து அனுப்பினாள். ஒலிப்பதிவு தரமாக இல்லை, கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் பதிந்து அனுப்பவும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த வருடம் அவளுக்கு முப்பத்தைந்து. இதை விட்டால் அவளுக்கு அந்த மேடை இல்லை.

சரி, கொழும்பு ஸ்டூடியோ ஒன்றையும்தான் விசாரித்துப் பார்ப்போம் என்று நானே ஃபோன் எடுத்தேன். பேசியவர் நல்ல மாதிரி. முதலில் தாளத்துக்கு ஒரு டிக் டிக் சத்தம் போட்டு வைப்பார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு அவள் தனியாகப் பாட வேண்டுமாம். வேறொரு நாள் வயலின்காரர் வந்து வாசித்துவிட்டுப் போவாராம். மிருதங்கத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, பெரிய மண்டபத்தில் பாடியது போல எதிரொலி போட்டுத் தருவார்களாம். "கறியத் தனியா, சோத்தத் தனியா, உப்பத் தனியா திங்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாட்டு என்பது மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்கிற காரியம். அதை இங்கே, இந்த மலையில், எங்கள் ஆட்களை வைத்தே பதிகிறேன், எவன் தரமில்லை என்கிறான் பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

இடம் தேடுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கோயில் மண்டபத்தில் மாபிள் கல் பதித்திருந்தார்கள். கை தட்டினால் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து திரும்பவும் நம்மையே அடிக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாண்ட். கடைசியில் எங்கள் தோட்டத்தில் மூடிக் கிடக்கிற தேயிலை ஃபெக்டரி ஞாபகம் வந்தது. அதன் மேல்மாடியில்தான் முன்பு கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். நீளமான மாடி, பலகைத் தரை, பலகைச் சுவர், ஓரமாக வரிசையாகத் தொட்டிகள், மூலையில் பழைய சாக்குகள். கை தட்டிப் பார்த்தேன். சத்தம் எழுந்து, கொஞ்சம் நின்று, அமைதியாக இறங்கிப் போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோட்டத்து ஆபீசில் போய் மேனேஜர் தொரையிடம் அனுமதி கேட்டபோது, "பாட்டுப் பாட ஃபெக்டரியா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க என்று இரண்டு தடவை சொன்னேன். சாவி கிடைத்தது.

வயலினுக்குத் தலவாக்கலையிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். அவரை நாங்கள் சேர் என்போம், பேச்சு குறைவு. மிருதங்கத்துக்கு எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிற அண்ணன். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். பகலெல்லாம் மலைமலையாகப் போய்க் கொழுந்து மூட்டைகளை ஏற்றிவந்து அடுத்த தோட்டத்து ஃபெக்டரியில் இறக்குகிறவர். அந்தக் கைகளைப் பார்த்தால் மிருதங்கம் வாசிக்கிற கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாசித்தால் லொறி ஓட்டுகிற கை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளை நடுவில் உட்காரவைத்தேன். அவளுக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். முன்னால் ஏழு அடி தள்ளி, தலைக்கு மேலே உயர்த்தி ஒரே ஸ்டாண்ட். அதில் இரண்டு மைக்கும் கவட்டைக் கிளை போலக் கொஞ்சம் விலகி நின்றன. மிருதங்கம் குரலைத் தூக்கிச் சாப்பிட்டது. அதனால் அண்ணனை இரண்டு அடி பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். அதுவும் போதாமல் பின்சுவரில் நாலைந்து சாக்குகளைத் தொங்கவிட்டேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, எனக்கு மைக் எங்க?"

"இந்த ரெண்டே எல்லாருக்கும் போதும்ணே. இது தூரத்திலயிருந்தே எல்லாத்தையும் கேக்கும்."

"அது டீச்சருக்கு முன்னாடில்ல இருக்கு?"

"நடுவுல இருக்குண்ணே."

"காது கேக்குறது ஒனக்கு. எனக்குக் கண்ணு தெரியுதே" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றித் தெரியாது. எங்கள் பக்கம் மைக் என்பது சத்தத்துக்காக மட்டும் வைப்பதில்லை. திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு என்று சண்டை வருவது போல, மேடையில் யாருக்கு முன்னால் மைக் இருக்கிறது என்பதிலும் சண்டை வரும். பஜனையில் சிங்கி தட்டுகிறவருக்குத் தனி மைக் இல்லை என்று இரண்டு வருடம் கோயில் பக்கம் வராமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். முன்னால் மைக் இல்லாதவன் கூட்டத்தில் ஒருவன். மைக் இருக்கிறவன் ஆள். அண்ணன் அன்றைக்கு வாசித்தார், ஆனால் பாதிக் கையால் வாசித்தார். நான் அதை வறட்டுக் கௌரவம் என்று நினைத்தேன். அவர் வேறு எதற்காகவும் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் ஹட்டனில் லவுட்ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவரிடம் போனேன்; நானா என்று கூப்பிடுவேன். எனக்கு ஒயர், ஸ்டாண்ட் எல்லாம் இரவல் கொடுக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு மைக். எல்லாம் பளபள என்று துடைத்து வைத்தது.

"இதுல ஒண்ணுக்கும் உசிரு இல்ல புள்ள. கூட்டம்னா மேடையில இருக்குற எல்லாருக்கும் முன்னால மைக் கேப்பாங்க. எல்லாத்தையும் தெறந்து வுட்டா ஒரே கூச்சல். பெரியாளுங்க ரெண்டு மூணு பேருக்கு நல்லது, மத்த ஆளுங்களுக்கு இது. ஒருத்தரும் இன்னைக்கு வரைக்கும் கண்டுபுடிச்சதில்ல."

இரண்டு செத்த மைக்குகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு நாள் வந்தது. விண்ணப்பம் அனுப்ப அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தது. ஃபெக்டரிக்குக் கீழே பள்ளத்தில் ரயில் போகும் என்பதால், ஸ்டேஷனில் கேட்டு ரயில் நேரங்களை ஒரு காகிதத் துண்டில் எழுதி வைத்திருந்தேன். ரயில்கள் அந்தத் துண்டைப் பார்த்து வருவதில்லை என்பதால் அதனால் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை. வயலின் சேருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று செத்த மைக்குகளை வைத்து, ஒயரை ஒழுங்காக இழுத்து, தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். சேருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் தன் முன்னால் இருந்த மைக்கைப் பார்த்தார், சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார், வாசித்தார். மூன்று உருப்படி, இருபது நிமிடம், வெட்டு ஒட்டு இல்லாமல். அவள் தோடி ராகத்தை இறக்கி வைத்தபோது நான் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். முடிந்தது. கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவர், காலில் தட்டிய ஒயரைச் சுருட்டி ஓரமாக வைக்கப் போனார். நாலு முழம் சுருட்டினார். முனை கையில் வந்துவிட்டது. வாகனத்து மனுஷனுக்கு ஒயரைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இது எங்க போகுது, தங்கச்சி?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

"எங்கயும் போகலண்ணே."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். மைக் கேட்டு அடம்பிடித்தது யார், நல்லதுக்குத்தானே செய்தேன், ரெக்கோடிங்கில் நீங்கள் நன்றாக விழுந்திருக்கிறீர்கள், வேண்டுமானால் கேளுங்கள் என்று மளமளவென்று பேசிக்கொண்டு போனேன். நான் ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"கூட்டத்துக்கு எங்க ஆளுங்கள லொறியில ஏத்திட்டுப் போவேன். மேடையில எங்க தோட்டத்து ஆளு ஒருத்தரயும் ஒக்கார வைப்பாங்க. முன்னால மைக் இருக்கும். பேசுவாரு. ஒண்ணும் கேக்காது. மைக் ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பி வருவோம். ரிப்பேரு இல்லன்னு இன்னைக்குத்தான் தெரியுது." ஒயரைக் கீழே வைத்தார். "மைக் குடுக்க முடியாதுன்னு சொல்லி நீ என்னோட சண்ட புடிச்சிருக்கலாம். நானும் புடிச்சிருப்பேன். பொம்மையக் குடுத்துட்டியே."

கொழும்புக்காரன் நம்மை மதிப்பதில்லை என்று ஊரெல்லாம் கொக்கரித்துக்கொண்டு திரிந்தவள் நான். அதே வேலையை என் சொந்தத் தோட்டத்து ஆளுக்கு, சிரித்த முகத்தோடு செய்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

அதற்குள் அவள் எழுந்து வந்துவிட்டாள். என்னைத் தாண்டிப் போய் நின்றாள். அண்ணனைப் பார்த்து, "இத நான் அனுப்பமாட்டேண்ணே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கென்ன பைத்தியமா? இனிமே இப்படி அமையுமோ என்னமோ. இருக்குறது மூணு நாளு. அங்க கேக்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"அண்ணனுக்குத் தெரியுமில்ல" என்றாள். அவ்வளவுதான். பிடிவாதம் என் குலச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைவிட அதிகமாக இருந்தது.

அண்ணன்தான் கையை நீட்டினார். "அதக் குடு. என்னத்தப் புடிச்சு வச்சிருக்கன்னு கேப்போம்." ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முதல் உருப்படியை முழுவதும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டுக் கேட்டார்.

"என் எடது கை எங்க?"

"இருக்கேண்ணே."

"இல்ல. வலந்தல மட்டும்தான் கேக்குது. தொப்பி இல்லாம வாசிச்சா அது மிருதங்கமா, தகரமா? அன்னைக்கு நீ பின்னாடி தள்ளி ஒக்கார வச்சு, பின் செவத்துல சாக்கத் தொங்கவுட்டப்பவே எனக்குத் தெரியும், எடது கை போயிரும்னு. அதுக்குத்தான் மைக் கேட்டேன்."

வாங்கிக் கேட்டேன். அவர் சொன்னது சரி. குரலின் அழகில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்த என் காதுக்கு, மிருதங்கத்தின் பாதி காணாமல் போனது தெரியவே இல்லை. தொப்பி என்கிற இடது பக்கம் பின்சுவரைப் பார்த்து ஒலிக்கிறது; அந்தச் சுவர்தான் அதைத் திருப்பி முன்னுக்கு அனுப்பவேண்டும். சுவரை நான் சாக்கால் மூடிவிட்டேன். எவ்வளவோ பேருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு நகர்ந்த எனக்கு, இந்த மனுஷனுக்கு மாட்டத் தோன்றவில்லை. மாட்டியிருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பார்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். நான் அடிக்கடி சொல்கிற வார்த்தை இல்லை அது.

"சரி, சாக்க எடு" என்றார்.

சாக்குகளை இறக்கினோம். செத்த மைக்குகள் இரண்டையும் நானே கழற்றிப் பைக்குள் போட்டேன். அண்ணன் முன்னால் வந்து, அவளுக்குச் சமமான வரிசையில் உட்கார்ந்தார். அப்படியென்றால் சத்தம் குரலை அமுக்கிவிடுமே என்று இழுத்தேன்.

"கைய நான் பாத்துக்குறேன். நீ மைக்கப் பாரு."

பிறகு சேரைத் தன் இடத்தில் உட்காரவைத்து, தொப்பியில் சும்மா தட்டச் சொல்லிவிட்டு, ஒரு காதை அடைத்துக்கொண்டு அவரே நடந்தார். நான் இன்னொரு பக்கம் ஒரு காதை அடைத்துக்கொண்டு நடந்தேன். அவள் பாடிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு எட்டு முன்னால், முக்கால் அடி கீழே என்று முடிவானது. அந்த இடம் எனக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அதை முதலில் கண்டவர் அவர்.

மறுபடி பதிந்தோம். முன்னால் இருந்த அதே ஒரு ஸ்டாண்ட், அதே இரண்டு மைக். அண்ணனுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அவள் மெல்லப் போன இடத்தில் அவர் விரல் நுனியால் வாசித்தார். அவள் எழுந்த இடத்தில் கூடவே எழுந்தார். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்றாவது உருப்படி முடிகிற நேரத்தில் பள்ளத்தில் ரயில் ஒன்று கூவிவிட்டுப் போனது. மூவரும் நிறுத்தவில்லை. அதை வெட்ட முடியாது. வெட்டவும் மாட்டேன் என்றேன். எங்கே பதிந்தது என்ற கட்டத்தில் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரி, மேல்மாடி என்று எழுதினேன். மூன்று பேரின் பெயரையும் ஒரே வரியில் எழுதி அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்துச் சபையிலிருந்து அவளை ஃபோனில் கூப்பிட்டார்கள். தெரிவாகிவிட்டாள். தேயிலை ஃபெக்டரியில் பதிந்தது என்பதைக் குழுவில் ஒருவரும் நம்பவில்லையாம், உண்மையில் எந்த ஸ்டூடியோ என்று கேட்டார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாத்தியம் எல்லாம் அவர்களே ஒழுங்கு செய்துவிடுவார்களாம், கொழும்பில் நல்ல மிருதங்க வித்துவான் இருக்கிறாராம், அவள் மட்டும் வந்தால் போதுமாம். அவள் உடனே, "நாங்க மூணு பேரும் சேர்ந்து வாசிச்சதத்தான் நீங்க கேட்டீங்க. வந்தா மூணு பேரும் வருவோம், இல்லன்னா நானும் வரல" என்றிருக்கிறாள். குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று ஃபோனை வைத்தவர்கள்தான். பத்து நாளாகப் பேச்சில்லை.

இதையெல்லாம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து, கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். குரல் உடையவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. முப்பத்தைந்து வயது, அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. இருந்தாலும் சரியாகத்தான் சொன்னாள் என்று பட்டது. அவள் போகும்போது, "அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லிராத. மனசு கஷ்டப்படுவாரு" என்றாள்.

"இல்ல" என்றேன். "அவர்கிட்ட மறைக்கிற வேல இனி என்னால ஆகாது. வா, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்."

மறுநாள் பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனோம். லொறியில் மூட்டை ஏற்றி முடித்து, அண்ணன் படுதாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தொடங்கினேன், அவள் முடித்தாள். கொழும்பில் சொன்னதையும், அவள் சொன்ன பதிலையும், ஒன்று விடாமல். அவர் நெகிழ்ந்துபோவார் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்த்திருப்போம். அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் வர்றதும் வராததும் நான் பேச வேண்டிய பேச்சு. அத நீங்க எப்படிப் பேசுனீங்க?"

"ஒங்களுக்காகத்தாண்ணே..."

"எங்களுக்காகன்னு சொல்லித்தான் எல்லாரும் எல்லாத்தயும் செய்யுறாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கலையே. அவங்களும் கேக்கல, நீங்களும் கேக்கல." என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "நம்பரக் குடுங்க."

அவள் தயங்கிக்கொண்டே ஃபோனை நீட்டினாள். கையில் இருந்த கொழுந்துச் சாற்றை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, லொறியின் மட்காட்டில் சாய்ந்து நின்று பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"வணக்கமுங்க. நீங்க கேட்ட ரெக்கோடிங்ல மிருதங்கம் வாசிச்ச ஆள் பேசுறேன். தோட்டத்துல லொறி ஓட்டுறேன். ஒங்க வித்துவான் வாசிக்கிறதப் பத்தி எனக்கு ஒரு மனக்கொறையும் இல்லீங்க. ஆனா என் எடத்துல வேற ஆள ஒக்கார வைக்கிறதா இருந்தா, மொதல்ல என்னையில்ல கேக்கணும்? நான் வருவனா, மாட்டனான்னு யாரும் கேக்கலீங்களே. இப்பக் கேளுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்தது. மன்னிக்க வேண்டும் என்றார் அந்த மனிதர். பெயரைக் கேட்டு, எழுதிக்கொள்கிற நேரம் எடுத்துக்கொண்டு, கச்சேரிக்கு நீங்கள் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

அண்ணன் ஆமாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் இருங்க என்று சொல்லி, ஃபோனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. போவமா?"